புது டயருக்கும் பழக்கம் வேண்டும்

புதிதாக வாங்கிய காளையை முதல் நாளே முழுப் பாரம் ஏற்றி ஓட்டும் உழவர் எவருமில்லை. ஆனால், மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் மாட்டிய மறுநாள் விடியலிலேயே இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு விரைகிறவர் பலர். இது ஆபத்தான வழக்கம்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. அச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசும் பொருளின் மிச்சமும் அதில் இருக்கக்கூடும். இது தேய்ந்து சாலையில் நல்ல பிடிப்பு ஏற்படச் சுமார் 150 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை அதிக பாரம், வேகம், திடீர் பிரேக், வளைவில் சாய்த்து ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். மழை ஈரத்தில் கூடுதல் கவனம் தேவை. மண்ணெண்ணெயால் கழுவுதல் கூடாது. அது ரப்பரைக் கெடுக்கும்.

டியூப் உள்ள டயரை வீட்டிலேயே மாற்றலாம். காற்றை முழுவதும் இறக்கியபின், டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கினால் எதிர்ப்பக்கம் இளகும். பிறகு லீவரால் சிறிது சிறிதாக நெம்பி எடுக்கலாம். வழுக்கலுக்குச் சோப்பு நீரே போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவக் கூடாது. புது டயரிலுள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அமைய வேண்டும். டியூபில் சிறிதளவு காற்று வைத்து மாட்டினால் லீவரில் சிக்காது. காற்று நிரப்பியபின் ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா எனப் பார்ப்பது அவசியம். டியூப் இல்லாத டயரைக் கடையில் மாற்றுவதே நல்லது.

கடைக்கூலியை மிச்சப்படுத்துவது சிக்கனமே. ஆனால் பழக்கும் நாட்களை மிச்சப்படுத்துவது சிக்கனமாகாது. நாள்தோறும் 20 கிலோமீட்டர் போகிறவருக்கு அது ஏறக்குறைய ஒரு வாரமே. அந்த ஒரு வாரம் ஒரு கேனைக் குறைத்து இரண்டு நடை போனால் நட்டமில்லை; வழுக்கி விழுந்தால் பாலும் போகும், காலும் போகும்.