ஆட்டம் ஷாக்கில் இல்லை, பின்னில்

போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்க்கிறவர்கள் கூட்டத்தைக் கவனிப்பார்கள். என் காது பின்சக்கரத்துக்குப் போய்விடும். சக்கரம் குழியில் இறங்கி எழும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்த குழியில் மறுபடியும். ஸ்பிரிங் பட்டைகள் உரசினால் கிறீச்சிடும். இது இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். ஷாக் அப்சார்பரைத் தாங்கும் பின் தேய்ந்துபோய்விட்டது.

நான் வைத்திருப்பது மகிந்திரா சிஜே-3பி. 1953இல் வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் கொண்டுவந்த மாடல். புது எஞ்சின் உயரம் கூடியது என்பதால் பானெட்டை உயர்த்திக் கட்டினார்கள். அந்தத் தூக்கிய முகம் அப்படி வந்ததுதான். அங்கே 1968இல் நிறுத்திவிட்டார்கள், இங்கே அதன் பிறகும் நெடுங்காலம் ஓடியது. முகம் மாறினாலும் அடிப்பக்கம் 1941 யுத்தகால ஜீப்பின் வழியிலேயே வந்தது: நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஷாக். ஷாக்கின் மேல் கண் சேஸிஸ் பிராக்கெட்டில் இருக்கும் பின்னில் மாட்டும். கீழ்க் கண், யூ போல்ட் இறுக்கிப் பிடிக்கும் தட்டில் இருக்கும் பின்னில். கண்ணுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு ரப்பர் புஷ்.

பட்டை வாங்கிய அடியைத் திருப்பித் தரும், நிறுத்தத் தெரியாது. அதை நிறுத்துவது ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது அந்தத் துள்ளல் சூடாக மாறி அடங்குகிறது. புஷ் இறுகி வெடித்துப் பின்னும் தேய்ந்துவிட்டால், கண்ணுக்குள் சில மில்லிமீட்டர் வெற்றிடம் விழும். அந்தத் தூரம் வரைக்கும் ஷாக் தண்டு அசையவே அசையாது. தோட்டப் பாதையில் முக்கால்வாசி அதிர்ச்சி சின்னச் சின்னக் கல்லிலிருந்து வருவது. அதெல்லாம் அந்த வெற்றிடத்திலேயே போய்விடும். "புது ஷாக் போட்டும் தூக்கிப் போடுதே" என்று புலம்புகிறவர்களின் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பழைய பின்னில்தான் புது ஷாக் தொங்கிக்கொண்டிருக்கும்.

பட்டறையில் இன்னொரு யோசனை சொல்வார்கள். "கழட்டிப் போட்டுருங்கண்ணே, பட்டை இருக்குல்ல, வண்டி ஓடும்." ஓடும்தான். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே கொஞ்சம் துள்ளல் அடங்கும். ஆனால் பின்னால் பக்கவாட்டு சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருகிறவர்களை நினைக்க வேண்டாமா? ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் கிளம்பும் சரத்தில் காய்க்கிறது. பகலெல்லாம் குனிந்தும் குந்தியும் காய் எடுத்த பெண்களின் முதுகெலும்பு, சாயங்காலம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி வீடு சேர வேண்டும். அந்த முதுகுக்குச் செய்யும் வேலை இது. ஓடுகிறது என்பது எனக்குப் போதாது.

ஷாக்கைக் கழற்றியதும் பின்னை மண்ணெண்ணெயில் துடைத்து, நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். கண் உட்கார்ந்த இடத்தில் படி விழுந்திருந்தால் நகம் தடுக்கும். அதன்மேல் வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்பார்கள், நான் சம்மதிப்பதில்லை. அப்படிச் சூடுபட்ட பின்னானது அடிவேரில் முறியும். இஎன் 8 எஃகுக் கம்பியில் லேத்தில் புதிதாகக் கடைந்துகொள்வதே நல்லது.

பிராக்கெட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு கிளம்பும். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் விரிசல் மேலே ஓடாது. பிறகு கோட்டை 'வி' வடிவத்தில் கிரைண்டரில் தோண்டி வெல்டு செய்யலாம். பின் நுழையும் ஓட்டை முட்டை வடிவமாக இழுபட்டிருந்தால், பின்பக்கம் செம்புத் தகடு ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெல்டால் நிரப்புவார்கள். செம்பில் வெல்டு ஒட்டாது, தகடு தனியாக வந்துவிடும். அதன்பின் சரியான அளவில் புது ஓட்டை. இத்தனைக்கும் முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இந்த வகை ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதையும் இறக்கி வைக்காமல் பொறி பறக்க விடக் கூடாது.

சில பேர் இதோடு நிற்காமல் பிராக்கெட்டுக்கு மேல் கனத்த தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். 'இனிமேல் அசையாது' என்பது கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் புஷ் தேயட்டும், அது மலிவு. அப்புறம் பின், அப்புறம் பிராக்கெட். சேஸிஸுக்கு அடி வரவே கூடாது. நடுவில் ஒன்றை அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால் விரிசல் அதன் விளிம்பைத் தாண்டி சேஸிஸில் விழும். ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுவதையும் இதே காரணத்துக்காகத்தான் தவிர்க்கிறேன். நீண்ட நாள் உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ரப்பர் விழுங்கும் அடியில் ஒரு பங்கை அது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

புஷ் ஏறவில்லையென்றால் கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது நட்டைக் கடைசி வரை இறுக்கவும் கூடாது. சக்கரம் தரையில் நின்று, பட்டை தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால், முதல் தடவை மலை ஏறி இறங்கி வந்ததும் எல்லா நட்டிலும் ஸ்பேனரை வைத்து ஒருமுறை பாருங்கள். காய் எடுப்பு சூடு பிடித்துவிட்டால் வண்டிக்கு ஓய்வு கிடைக்காது. இந்த வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.