திருடனுக்கு ஓர் அறையைக் கொடுத்துச் சோதியுங்கள்

2015 ஜூலை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில் ஒரு ஜீப் செரோக்கி விரைந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் வயர்ட் இதழின் செய்தியாளர் ஆண்டி கிரீன்பர்க். யாரும் தொடாமலேயே ஏசி முழுவேகத்தில் சீறியது, ரேடியோ அலறியது, வைப்பர் கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சியது. பிறகு எவ்வளவு மிதித்தும் ஆக்சிலேட்டர் வேலை செய்யவில்லை. பின்னால் லாரி நெருங்கிவர, வண்டி நடுச்சாலையில் துவண்டது. இத்தனையையும் செய்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தார்கள்.

அது சொல்லிவைத்து நடத்திய சோதனைதான். ஆனாலும் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் நுழைந்த வாசல், செல்போன் வலையமைப்பில் இணைந்திருந்த பாட்டுப்பெட்டி. அதற்கும் எஞ்சின், பிரேக் ஆகியவற்றுக்குச் செய்தி போகும் கம்பிக்கும் நடுவே காவலாக ஒரு தனிச் சிப் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் மென்பொருளை யார் மாற்றி எழுதினாலும், ‘இது தயாரிப்பாளர் அனுப்பியதுதானா?’ என்று அது சரிபார்க்கவில்லை. காவலாளியையே மாற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

இன்று நிலைமை இன்னும் நெருக்கமானது. தனித்தனிச் சிப்புகளில் ஓடிய மீட்டர் பலகை, வரைபடம், கேமரா, பாட்டு எல்லாம் ஒரே சிப்புக்குக் குடிவருகின்றன. பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடு போலத்தான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஓர் அறை. எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக்காரராக ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருள். ஒரு சிப்பைப் பல கணினிகளாகக் காட்டும் இந்த ஏற்பாட்டுக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். செலவும் எடையும் குறைகின்றன. அதைக் குறை சொல்வதற்கில்லை.

கேள்வி, சுவரின் உறுதியைப் பற்றியது. அதே 2015-இல் வெளிவந்த ‘வெனம்’ என்ற ஓட்டையை நினைவில் வைக்க வேண்டும். மெய்நிகர்க் கணினிகளுக்கான கியூஇஎம்யு மென்பொருளில், யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவுக்காக 2004 முதல் கிடந்த நிரலில் இருந்த பிழை அது. அதன் வழியே ஓர் அறையிலிருந்து வீட்டுக்காரர் அறைக்கே போக முடிந்தது. வீட்டுக்காரரிடம் தட்டுமுட்டுச் சாமான் கூடக்கூட, திருடன் ஒளிய இடமும் கூடும்.

அதற்கு மாற்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான எஸ்இஎல்4, வீட்டுக்காரர் வேலையைப் பார்க்கக்கூடிய, சுமார் 8,700 வரி சி நிரல் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு கருநிரல் (கெர்னல்). விதித்தபடி மட்டுமே அது நடக்கும் என்பதை 2009-இல் கணித முறையில் நிறுவினார்கள். பின்னர் அமெரிக்காவின் ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா, ஆளில்லாமலும் பறக்கக்கூடிய போயிங்கின் லிட்டில் பேர்ட் ஹெலிகாப்டரின் கணினியை இதன்மேல் அமைத்துச் சோதித்தது. கேமரா வேலை பார்த்த லினக்ஸ் அறையின் முழு அதிகாரத்தையும் தாக்குதல் குழுவிடம் அவர்களே கொடுத்துவிட்டார்கள். திருடன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு தொடங்கிய சோதனை அது. குழுவால் அந்த அறையைத் தாண்ட முடியவில்லை.

சுவர் வைத்தால் வேகம் போய்விடும் என்பது பொறியாளர்களின் பழைய கவலை. சிப்புகளிலேயே மெய்நிகராக்கத்துக்கு வசதி வந்துவிட்டதால் அந்தச் சுமை பெருமளவு குறைந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது குழாயடிச் சண்டை. அறைகள் தனித்தனி என்றாலும், சிப்புக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகமான கேஷ் பொது. பாட்டுப்பெட்டி அதை நிரப்பிக்கொண்டால், மில்லி நொடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய நிரல் குடத்தோடு காத்து நிற்கும். கேஷை முன்கூட்டியே பங்கு பிரித்துவிடலாம். சராசரி வேகம் சற்றுக் குறையும்தான். ஆனால் பிரேக் விஷயத்தில் சராசரிக்கு மதிப்பில்லை, மிக மோசமான தருணத்தில் எவ்வளவு தாமதம் என்பதே கணக்கு.

ஐ.நா.வின் 155-ஆம் வாகன விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கு இணையப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் தயாரிப்பாளர் காட்டும் ஆவணங்களோடு ஒப்புதல் முடிந்துவிடக் கூடாது. வண்டி விற்பனைக்கு வருமுன், பாட்டுப்பெட்டியின் முழு அதிகாரத்தையும் வெளியாட்கள் குழு ஒன்றிடம் சில வாரங்கள் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் முட்டி மோதும்போது பிரேக் எத்தனை மில்லி நொடியில் பதில் சொன்னது என்று அளந்து, அந்த எண்ணை மைலேஜ் போலவே வாங்குபவரிடம் காட்ட வேண்டும்.