இடுப்பில் ரிவால்வர்: யாரைக் காக்க?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டம் முடியும் தறுவாயில் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். கட்டட மேஸ்திரி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். 20 ஆண்டுகளுக்கு மேலாகத் திருவனந்தபுரத்தில் வேலை எடுத்துச் செய்பவர். அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு, 22 ஆட்களின் வாரக் கூலியைப் பையில் வைத்துக்கொண்டு கரமனைப் பக்கம் நடந்து வந்தவரைப் பின்னாலிருந்து மண்டையில் அடித்துப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். தலையில் ஏழு தையல். ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலிக்காக மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அவர் சொன்னார்: "அண்ணாச்சி, பணம் போனது போகட்டும். அடுத்த சனிக்கிழமையும் நான் அந்த வழியாத்தானே வரணும்? லைசென்ஸ் எடுத்து ஒரு சின்ன ரிவால்வர் வாங்கி இடுப்புல வச்சுக்கிடுதேன். எதை வாங்கலாம், இந்த ஊரு ஈரத்துக்கு எது துருப்பிடிக்காம நிக்கும், சங்கந்தான் விசாரிச்சுச் சொல்லணும்."

சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அடிபட்டவனின் கேள்வியைச் சிரித்துத் தள்ளுவதற்குச் சங்கம் எதற்கு? அவர் கேட்டதை விசாரித்தோம். விசாரித்ததையும், அதன் முடிவில் நமக்குத் தோன்றியதையும் இங்கே வைக்கிறோம். ஏனெனில் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. சாலைக் கடைத்தெருவில் நகை வேலை செய்யும் நம்மவரும், இரவில் கடை அடைத்துவிட்டுப் பணத்தோடு வீடு திரும்பும் சிறு வியாபாரியும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது.

முதலில் சட்டம். ஆயுதம் வைத்துக்கொள்வது நம் நாட்டில் உரிமை அல்ல, அனுமதி. இது இப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு. 1878இல் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்தியனைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்தது. வெள்ளையருக்கோ விலக்கு அளித்தது. அந்த அவமானம் நம் தலைவர்களை உறுத்தியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக எழுதப்பட்டது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டிக் கேட்டபோது டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை. பிறகு வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இன்று நடப்பில் உள்ளவை.

இந்தச் சட்டத்தில் ஏழைக்கு ஆதரவான ஒரு வரி இருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்சை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "உனக்கெல்லாம் எதற்கு?" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் நம் மேஸ்திரியைத் துரத்த முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும், பயிற்சிச் சான்று வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வீட்டில் வசதி வேண்டும். கிடைக்கும் லைசென்ஸ் ஐந்தாண்டு செல்லும்.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அகில இந்தியாவுக்கும் செல்லும் லைசென்ஸ் குறிப்பிட்ட சில வகையினருக்கே. கேரளத்துக்கு மட்டும் பெற்ற லைசென்சோடு பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டு, இடுப்பில் ரிவால்வரோடு களியக்காவிளை தாண்டினால், அந்த நிமிடம் முதல் நீங்கள் குற்றவாளி. துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொள்ளவும் கூடாது. உறையிலிட்டு, மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாரையாவது மிரட்ட எடுத்துக் காட்டினால் லைசென்சே பறிபோகலாம்.

லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வாங்கித் தரும் தரகர்கள் இருக்கிறார்கள் என்று இளைஞர்கள் சிலர் முணுமுணுப்பதும் நம் காதில் விழுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டாண்டு, கூடினால் ஐந்தாண்டு சிறை. அந்த இரண்டாண்டும் ஊரில் அடுப்பு எரிய வழியென்ன என்று அந்தத் தரகனைக் கேட்டுப் பாருங்கள்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்வி. சாதாரணக் குடிமகனுக்குச் சட்டம் அனுமதிக்கும் கைத்துப்பாக்கி வகை குறைவு. 9 மில்லிமீட்டர், .38 போன்ற போர் அளவுகள் தடை செய்யப்பட்டவை. ஆகவே .32 போர்தான் பெரும்பாலோர் வாங்குவது. 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டது. 2012இல் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின், அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயரின் சாயலிலேயே வைத்த பெயர். எடை சுமார் 500 கிராம், டைட்டானியம் கலந்த உலோகம், அன்றைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் 2021இல் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அவற்றுள் ஒன்று 2023 ஆகஸ்டில் "பிரபல்" என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும் என்றார்கள். பழையவற்றை நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போட வேண்டும். இதில் உருளை பக்கவாட்டில் விலகும்.

ரிவால்வரில் ஒரு வசதி உண்டு. தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலைப் போலச் சிக்கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறியது, இலேசானது என்பதற்கு விலையும் உண்டு. எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும். குழல் குறுகக் குறுகக் குறி தப்பும். மாதந்தோறும் சுட்டுப் பழகாதவன் கையில் சிறு ரிவால்வர் இருப்பது, நீச்சல் தெரியாதவன் தோணி வாங்கியது போலத்தான்.

ஈரத்தைப் பற்றி மேஸ்திரி கேட்டது மிகச் சரியான கேள்வி. கொச்சுவேளி, அதாவது இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாறிய ஸ்டேஷன் பக்கம், கடற்காற்று இரும்பைத் தின்பதை ரயில்வேக்காரர்களாகிய நாம் தினமும் பார்க்கிறோம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் மறு மழை, இடையில் உப்புக்காற்று. இடுப்பில் செருகினால் வியர்வை வேறு. கறுப்பு மெருகிட்ட சாதாரண எஃகு இங்கே சீக்கிரம் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதும் கவனிக்காமல் விட்டால் புள்ளி விழும். டைட்டானியம் துருவேறாது. ஆனால் சட்டம் மட்டும் அந்த உலோகமாக இருந்து என்ன பயன்? உள்ளே இருக்கும் வில்லும் திருகும் எஃகுதானே.

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் துப்பாக்கியை உறையோடு வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறையாவது துடைத்து, அதற்குரிய மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் உதவாது, பிசுக்காகப் படிந்து விசையை இறுக்கிவிடும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து. தோட்டாவின் அடிப்பகுதிக்குள் இறங்கினால் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காது. இத்தனையும் செய்ய நேரமும் தனி இடமும் உள்ளவர்களுக்கு இந்த ஊரில் ரிவால்வர் நிற்கும்.

அந்த நேரமும் இடமும் நம்மில் யாருக்கு இருக்கிறது, தோழர்களே? ஓர் அறையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியை எங்கே வைப்பது? குடும்பத்தோடு இருப்பவர் வீட்டில், பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளை உண்டா? துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு சாகிறவர்கள். கள்வனுக்காக வாங்கி வைத்தது, கடன் நெருக்கிய ஓர் இரவில் வீட்டுக்காரன் நெற்றிக்கே திரும்புகிறது. கடனும் குடியும் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

பணக் கணக்கையும் பார்ப்போம். நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 2014ஆம் ஆண்டு நிர்பீக் விலைக்கே ஏறத்தாழ 136 நாள் உழைப்பு போகும். தோட்டாவும் உறையும் பயிற்சியும் தனி. அடகு வைத்த சங்கிலி எப்போது திரும்பும்?

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை மேஸ்திரியிடமே கேட்டோம். "அன்றைக்கு உங்கள் இடுப்பில் ரிவால்வர் இருந்திருந்தால்?" சற்று யோசித்தார். "பின்னால இருந்துல்லா அடிச்சானுவ. பையோட அதையும் கொண்டு போயிருப்பானுவ" என்றார். அதுதான் உண்மை. அப்படிப் போன துப்பாக்கி நாளை வேறொருவனைச் சுட்டால், முதல் விசாரணை யார் வீட்டு வாசலுக்கு வரும்?

தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும், பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே, தற்காப்பு உரிமை இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஊறு செய்யக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. வரம்புக்குள் நின்றோம் என்று கோர்ட்டில் நிறுவ வக்கீல் வேண்டும், சாட்சி வேண்டும். சுட்டவன் "பாண்டிக்காரன்" என்ற ஒரே சொல்லில் செய்தி திரும்பிவிடும். அடிபட்டுப் புகார் கொடுக்கப் போன மேஸ்திரியையே, விடியும் வரை பெஞ்சில் உட்கார வைத்து "ஊர் எது, ஆதார் எங்கே" என்று கேட்டார்கள். சுட்டுவிட்டுப் போனால் என்ன கேட்டிருப்பார்கள்? அதே இரவில் ரத்தம் ஒழுகக் கிடந்தவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் ஒரு மலையாளி ஆட்டோ தொழிலாளி என்பதையும் சொல்லாவிட்டால் நாம் நன்றி கெட்டவர்கள்.

துப்பாக்கியின் முன் நிற்பது என்றால் என்ன என்று நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டபோது செத்து விழுந்தவர்கள் வெறுங்கையோடு நின்றவர்கள். இரண்டாண்டு கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதைச் சாதித்தது யார் இடுப்பிலும் இருந்த ரிவால்வர் அல்ல. கூடி நின்ற கூட்டமும், கலையாத சங்கமும்.

ஆகவே நமது நிலை இது. தனியாக இரவில் தங்கம் கொண்டு போக வேண்டிய தொழிலில் உள்ள ஒருவர், பயிற்சி பெற்று, முறைப்படி விண்ணப்பிக்க விரும்பினால் சங்கம் தடுக்காது. மனு எழுதவும் உதவும். ஆனால் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு ரிவால்வரைச் சங்கம் பரிந்துரைக்காது. மேஸ்திரியைக் காப்பாற்ற வேறு வேலைகள் இருக்கின்றன. அவற்றை நாம் இதுவரை செய்யாமல் இருந்தோம் என்பதுதான் குற்றம்.

22 பேர் கூலி ஒரே பையில் ஏன் போக வேண்டும்? ஆளுக்கொரு வங்கிக் கணக்கில் போகட்டும். 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் இருப்புப் பணம் இல்லாமலே கணக்குத் திறக்கலாம். ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில், வேலை இடத்திலேயே பட்டுவாடா நடக்கட்டும். சனிக்கிழமை இரவுகளில் மேஸ்திரிகள் மூன்று பேராகச் சேர்ந்து நடக்கட்டும். ஆபத்து என்றால் 112, ரயிலில் என்றால் 139. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள். புகார் கொடுக்க ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள், சங்கத்திலிருந்து இருவர் கூடப் போகட்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது இன்றைய சட்டம். கேட்டு வாங்குவோம்.

இந்தப் பதிலை மேஸ்திரியிடம் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டார். "சரி அண்ணாச்சி, ஆனா அந்த மூணு பேருல ரெண்டு பேரு யாரு?" என்றார்.

அந்த இரண்டு பேர் யார் என்பதை வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். கரமனை, சாலை, கரிமடம் பகுதித் தோழர்கள் தவறாமல் வாருங்கள்.