கோயிலைக் கட்டினது யாரு?



"இடையன்குடி கோயிலைக் கட்டினது யாரு?"ன்னு கேட்டா, எல்லாரும் டக்குனு "கால்டுவெல்"னு சொல்லிடுவோம். பரீட்சைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது என்பது என் கருத்து.

கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838-ல் சென்னைக்கும், 1841-ல் திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் இடையன்குடிக்கும் வந்தார். நாம் தமிழ் வகுப்பில் படிக்கும் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856-ல் வெளிவந்தது. அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-ல் தொடங்கி, 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க, 33 வருஷம்! இலக்கணப் புத்தகம் வந்த பிறகும் கோயில் முடிய 24 வருஷம் ஆகியிருக்கு.

வேலை தொடங்கினப்போ பிறந்த குழந்தை, முடியும்போது பிள்ளை குட்டியோட நின்னிருக்கும். நடுவுல 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வேற. அந்தச் சபையில் பெரும்பாலானவர்கள் பனையேறிப் பிழைத்தவர்கள். கல் சுமந்தது யார்? சுண்ணாம்பு அரைத்தது யார்? அவங்க பேரு நமக்குத் தெரியுமா? கால்டுவெல்லின் மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவரைக்கூட நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் சபை மக்களாகிய அந்தப் பனையேறிகளைப் பற்றி கால்டுவெல் 1849-ல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்வாக எழுதியிருந்தார். அந்த மக்கள் பின்னாளில் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். "பெரியவங்களைப் பத்தி இதெல்லாம் எழுதலாமா?"ன்னு சிலர் கேட்பீங்க. எழுதணும். அவர் தமிழுக்குச் செய்தது பெரிய காரியம். அதற்காகத்தான் அவர் வாழ்ந்த வீட்டை 2011-ல் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. 1891-ல் இறந்த அவரை அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த மரியாதையும் இருக்கட்டும், அந்த மக்களுடைய வருத்தமும் எழுதப்படட்டும். ஒன்றை மறைத்துவிட்டால் அது வெறும் வாழ்த்து மடல்.

நம்ம ஊர்கள்லயும் பழைய கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் இருக்கு. இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு நோட்டு எடுப்போம். தாத்தா பாட்டியிடம் கேட்போம். கல்லறைக் கல்லில், கல்வெட்டில் இருக்கும் பெயர்களை எழுதி வருவோம். கொத்தனார், தச்சர், மண் சுமந்த பெண்கள் என்று ஒருவரையும் விட வேண்டாம். கேட்க வேண்டிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் தள்ளிப்போடக் கூடாது.

சமூக அறிவியல் ஐயா அனுமதித்தால், அடுத்த மாதச் சுவர் இதழில் அந்தப் பெயர்களையே முதல் பக்கத்தில் எழுதலாம். நீங்க என்ன சொல்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி