அவசரத்துக்குப் பணியாத அடுப்பு
அமெரிக்கச் சமையல் கலைஞர் ஜூலியா சைல்டின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். 1963 பிப்ரவரியில் பாஸ்டனிலிருந்து ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே அவர் சமைத்தது பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து மாட்டிறைச்சி ஸ்டியூ. இலையுதிர்காலத்தில் பொழுது சீக்கிரம் சாயும் ஊர்களில் இரவுச் சாப்பாட்டுக்கு இதைவிட இதமான உணவு இல்லை. என்னைக் கட்டிப்போட்டது, அதில் ஊற்றும் சிவப்பு ஒயின் அல்ல. ஒவ்வொரு இறைச்சித் துண்டையும் ஈரம் போக அவர் ஒற்றியெடுக்கும் பொறுமை. ஈரம் இருந்தால் இறைச்சி வேகும், சிவக்காது. சிவக்காவிட்டால் குழம்புக்கு அந்த ஆழ்ந்த ருசி வராது. அதன் பிறகு இரண்டரை, மூன்று மணி நேரம் மெல்லிய சூடு. தோள், கால் என்று மாடு அதிகம் உழைத்த பகுதிகளில்தான் கொலாஜன் என்ற புரதம் மிகுதி. அவசரமாகச் சமைத்தால் அது ரப்பராக அடம்பிடிக்கும். நிதானமாக வெந்தால் ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கே கெட்டித்தன்மை கொடுக்கும். விலை உயர்ந்த மென்மையான துண்டுகளுக்கு இந்தப் பேறு கிடையாது. அவை நெடுநேரம் வெந்தால் வறண்டுபோகும். விலை குறைந்த, கடினமான இறைச்சியை விருந்தாக்கிய சமையலறைகளை நான் மனதார வணங்குகிறேன். அரை மணி நேரத்தில் அதே ஸ்டியூ என்று ஆசைகாட்டும் குறிப்புகள் இன்று பெருகிவிட்டன. அவற்றை நம்பாதீர்கள். நேரமும் இந்தச் சமையலில் ஒரு பொருள். அதைக் குறைத்தால் கிடைப்பது வேறு உணவு.