பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க

இந்த வருஷம் ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்கிற கேள்வி: "அண்ணா, என் லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கணுமா?" கடைக்காரர் வாங்கணும்னுதான் சொல்லுவார், அது அவர் தொழில். நான் சொல்றது: வாங்க வேண்டாம். லினக்ஸ் போடுங்க, விண்டோஸை ஒரு ஓரமா வச்சுக்கோங்க.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. பதிவு செய்துகொள்பவர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு அறிவிச்சாங்க, ஆனா ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவங்களுக்கு அது எந்த மூலைக்கு? விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது வேணும். ஆக, அக்கா 2016ல வாங்கி நம்ம கைக்கு வந்த ஆறாம் தலைமுறை ஐ5 அவுட். 8 ஜிபி ரேம் இருக்கு, எஸ்எஸ்டி போட்டாச்சு, கீபோர்டுல ஒரு எழுத்துகூட அழியலை. இருந்தும் அவுட்.

மேக்? 2020ல் எம்1 சிப் வந்த பிறகு பேட்டரி விஷயத்தில் அதை அசைக்கிறது கஷ்டம். ஐபோன் ஆப் எழுதணும்னா எக்ஸ்கோட் அதில்தான் ஓடும். ஆனா மெக்கானிக்கல் மக்களுக்கு சாலிட்வொர்க்ஸ் அதில் கிடையாது. எஜுகேஷன் லோன் ஓடிக்கிட்டிருக்கிற வீட்டில் மேக் பத்தி பேசவே எனக்கு வாய் வராது.

லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் இருந்தாலே ஓடும். 4 ஜிபி இருந்தா நிம்மதியா ஓடும். ஜிசிசி, பைத்தான், கிட் எல்லாம் ஒரே கமாண்டில் வந்திடும். ஈசிஇ மக்களுக்கு மேட்லேப், கீகேட் ரெண்டும் இதில் இருக்கு. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுறது லினக்ஸ் கெர்னல்தான். டாப்500 பட்டியலில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ். வேலைக்குப் போனா எப்படியும் இதோடதான் குடும்பம் நடத்தணும், இப்பவே பழகிக்கலாமே.

அப்புறம் ஏன் விண்டோஸையும் வச்சுக்கச் சொல்றேன்? சிக்கல் காலேஜ்லயும் பிளேஸ்மென்ட்லயும் இருக்கு. ஆட்டோகேட் லினக்ஸில் கிடையாது. வேர்டில் டைப் பண்ணின லேப் ரெக்கார்டை லிப்ரே ஆபீஸில் திறந்தா டேபிள் ஒரு பக்கம், தலைப்பு ஒரு பக்கம். பிளேஸ்மென்ட் டெஸ்ட் ஒன்றில் அவங்க கொடுத்த பிரவுசர் லினக்ஸில் இன்ஸ்டாலே ஆகலை. ரீபூட் பண்ணி விண்டோஸில்தான் எழுதினேன். வாலரன்ட்டும் ஓடாது. அது சிஜிபிஏவுக்கு நல்லது.

இது எதுவும் லினக்ஸோட தரக்குறைவு இல்லை. நம்ம ஊரிலேயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2011ல் தொடங்கின தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோட சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நான் பார்த்த அரசு லேப்டாப்களில் பாதிக்கு மேல அதை அழிச்சிட்டுத்தான் வச்சிருந்தாங்க. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம கொடுத்தா வேற என்ன ஆகும்? இங்கயும் அதே கதைதான். ஓஎஸ் பேப்பரில் ஃபோர்க், பைப், செமஃபோர்னு பக்கம் பக்கமா எழுதுறோம். லேப்ல உபுண்டு வர்ச்சுவல் மெஷின் திறக்கிறதுக்குள்ள கால் பீரியட் போயிடுது.

டிபார்ட்மென்ட்கிட்ட கேக்க வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை. ரெக்கார்டை பிடிஎஃப்ல வாங்கிக்கோங்க. லேப் மெஷினில் லினக்ஸை நேரடியா போடுங்க. டெஸ்ட் நடத்த வர்ற கம்பெனிகிட்ட லினக்ஸில் ஓடுமான்னு பிளேஸ்மென்ட் செல் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டு வைக்கட்டும்.

நீங்க செய்ய வேண்டியது: முதல்ல ஃபைல்களை எல்லாம் வேற இடத்தில் காப்பி எடுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா அதோட ரிக்கவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. பிறகு இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லிருந்தே ஓட்டி, வைஃபை, சவுண்ட், கேமரா வேலை செய்யுதான்னு பாருங்க. சரியா இருந்தா மட்டும் பக்கத்துல போடுங்க. பழைய விண்டோஸ் 10 பக்கம் டெஸ்டுக்கும் ஆட்டோகேடுக்கும் மட்டும். யுபிஐ, பேங்க் லாகின் எதையும் அதில் தொடாதீங்க. பென் டிரைவ் இல்லாதவங்க சனிக்கிழமை ஹாஸ்டல் பக்கம் வாங்க, என்கிட்ட மின்ட் ஏத்தினது ரெண்டு இருக்கு.