கரிம வரவும் உழவர் வரவும்

நெல், கரும்பு, தேங்காய், மரம் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளை விற்றே பழகியவர் நம் உழவர். இன்று அவரிடம், காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட வாயுவுக்கும் விலை உண்டு என்று சொல்லப்படுகிறது. கைப்பேசிச் செயலியுடன் ஊருக்கு வரும் முகவர்கள், 'மரம் நடுங்கள், நீர்ப் பாய்ச்சும் முறையை மாற்றுங்கள், கரிம வரவில் பங்கு தருகிறோம்' என்கின்றனர். கார்பன் கிரெடிட் எனப்படும் இந்தக் கரிம வரவு நிலவுடைமையாளருக்கு உண்மையில் எவ்வளவு தரும், பதிலுக்கு அவரிடமிருந்து எதைக் கேட்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஒரு டன் கரியமில வாயுவை, அல்லது அதற்கு இணையான வேறு பசுங்குடில் வாயுவைக் காற்றில் சேராமல் தடுத்ததற்கான, அல்லது காற்றிலிருந்து உறிஞ்சி வைத்ததற்கான சான்றே ஒரு கரிம வரவு. தன் உமிழ்வை முழுதும் குறைக்க இயலாத ஆலையோ நிறுவனமோ இதை விலைக்கு வாங்கி ஈடுசெய்துகொள்கிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சி முறையே இதன் தொடக்கம். இந்தியாவில் 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்டாயத்துக்கு உட்படாதோரும் தாமாக முன்வந்து வரவு ஈட்ட, அதே ஆண்டு டிசம்பரில் வழி திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம், வேளாண் துறைக்கான தன்னார்வக் கரிமச் சந்தைக்கு ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. ஆனால், இதுவரை உழவர்களிடம் வந்திருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பதிவகங்களின் விதிகளின்படி இயங்கும் தனியார் திட்டங்களே.

நிலத்திலிருந்து வரவு ஈட்ட முதன்மையாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது மரம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு டன் கரிமம் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். உலர் எடை 100 கிலோ உள்ள ஒரு மரம் சுமார் 183 கிலோ கரியமில வாயுவைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதாவது, இத்தகைய ஐந்தரை மரங்கள் சேர்ந்தால்தான் ஒரு வரவு. ஓர் ஏக்கரில் 200 மரங்கள் பத்தாண்டுகளில் இந்த அளவை எட்டுவதாகக் கொண்டால் சுமார் 37 வரவுகள் கிடைக்கும். விலை இடத்துக்கு இடம் மாறும்; கணக்கின் வசதிக்காக ஒரு வரவு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. வெட்டி விற்பதற்கென்றே வளர்க்கப்படும் மரமாக இருந்தால், நடவுக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட காலத்தின் சராசரி இருப்புக்கு மட்டுமே வரவு தரப்படும். அப்போது இத்தொகை ஏறக்குறையப் பாதியாகும்.

இரண்டாவது நெல் வயல். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கிய பிறகு மீண்டும் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் உழவர்கள் அறிந்ததே அது. தெற்காசிய நெல் வயல்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் உமிழ்வு அளவை வைத்துப் பார்த்தால், இம்முறையால் ஒரு ஹெக்டேரில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 1.3 டன் மிச்சமாகும். ஏக்கருக்கு அரை வரவு. நம் கணக்குப்படி 400 ரூபாய். வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடுவதால் அதையும் இதில் கழிக்க வேண்டும்.

மூன்றாவது மண். உழவைக் குறைத்தல், மூடுபயிர், தொழுவுரம், பசுந்தாள் உரம் ஆகியவற்றால் மண்ணின் அங்ககக் கரிமம் உயரும். மேல்மண் 30 செ.மீ. ஆழத்தில் இது 0.1 சதவீதப் புள்ளி உயர்ந்தாலே ஏக்கருக்குச் சுமார் ஆறு வரவுகள் என்று காகிதத்தில் கணக்கு வரும். ஆனால், ஒரே வயலின் இரு மூலைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடே இந்த அளவைத் தாண்டக்கூடும். நம் வெப்பநிலையில் அங்ககப் பொருள் விரைவில் சிதைந்தும் விடுகிறது. எனவே, மூன்று வழிகளில் அளப்பதற்கு மிகக் கடினமானது இதுவே.

இந்தத் தொகைகள் முழுதும் உழவர் கைக்கு வருவதில்லை. திட்ட அறிக்கை, பதிவுக் கட்டணம், களஅளவீடு, மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு, விற்பனைத் தரகு ஆகிய அனைத்தும் இதற்குள்ளிருந்தே கழிகின்றன. இவற்றுள் பெரும்பகுதி, திட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் மாறாத செலவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், தமிழகத்தில் 0.75 ஹெக்டேர். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கும் பண்ணைக்காரர் தனியாகவே ஒப்பந்தம் பேசலாம். இரண்டு ஏக்கர் உழவருக்கு அது இயலாது. ஆயிரக்கணக்கானோரை ஒன்றுதிரட்டும் இடைநிலை நிறுவனத்தையே அவர் நம்பியிருக்க வேண்டும். பேரம் பேசும் வலிமை எந்தப் பக்கம் இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது சிக்கல், 'கூடுதல்தன்மை' என்ற விதி. வரவுப் பணம் இல்லாவிட்டால் நடந்திராத செயலுக்கு மட்டுமே வரவு தரப்படும். சுற்றுச்சூழல் நோக்கில் இது நியாயமான விதி. ஆனால், விளைவைப் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன்பே வரப்பெங்கும் மரம் நட்டவருக்கு ஒன்றுமில்லை. நேற்றுவரை நடாதவருக்கே பணம். தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி பரப்பப்பட்டபோதே காய்ச்சலும் பாய்ச்சலும் கற்றுத்தரப்பட்டது. அன்று அதை ஏற்று இன்றும் கடைப்பிடிப்பவர் இத்திட்டங்களுக்குத் தகுதியற்றவராகிறார். முன்னோடிகளுக்குப் பரிசில்லாத சந்தை இது என்பதைக் கொள்கை வகுப்போர் மறக்கலாகாது.

மூன்றாவது, நிலைத்திருத்தல். மரத்தில் சேர்ந்த கரிமம் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஒரே இரவில் எத்தனை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது என்பதை நாம் அறிவோம். இத்தகைய இழப்புக்காக ஒவ்வொரு திட்டமும் தன் வரவில் ஒரு பகுதியைப் பொது இருப்பில் ஒதுக்கிவைப்பது வழக்கம். ஆனால், புயல் இழப்புக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மரத்தை வெட்டும் உழவருக்கு இல்லை. அது ஒப்பந்த மீறலாகவே கருதப்படும். நம் சிற்றூர்களில் மரம் என்பது நெருக்கடிக் காலச் சேமிப்பு. அந்தச் சேமிப்பை எடுக்கும் உரிமையை விற்கிறோம் என்பது கையெழுத்திடும் பலருக்குப் புரிவதில்லை.

டெல்டாப் பகுதியைச் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் தந்தையின் கையெழுத்துக்காக வந்த ஓர் ஒப்பந்தத்தை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். முழுதும் ஆங்கிலம். காலம் 30 ஆண்டுகள். 'நிகர வருவாயில்' பாதி உழவருக்கு என்றிருந்தது. நிகரத்தைக் கணக்கிடக் கழிக்கப்படும் செலவுகளுக்கு உச்சவரம்பு இல்லை. வரவு என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை உழவருக்குத் தெரிவிக்கும் கடமையும் இல்லை. நிலத்தை விற்றால் வாங்குபவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். பெரியவருக்கு வயது 71. பொருளியலில் 'தகவல் ஏற்றத்தாழ்வு' என்று நாங்கள் வகுப்பறையில் நடத்தும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

குத்தகை உழவரின் நிலை இன்னும் சிக்கலானது. நீர்ப் பாய்ச்சும் முறையை மாற்றுபவர் அவர். பட்டா இருப்பதோ வேறொருவர் பெயரில். வாய்மொழிக் குத்தகையே மிகுதியாக உள்ள மாநிலத்தில், பட்டாவை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் உழைப்பவருக்கு வரவு போய்ச் சேராது. ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் வரும்போதும், வடகிழக்குப் பருவமழையில் வயல்கள் மூழ்கிக் கிடக்கும்போதும் தன் வயலை மட்டும் காய வைப்பது தனி உழவரால் இயலாது என்பதும் நடைமுறை உண்மை.

இவற்றால், கரிம வரவே வேண்டாம் என்பது என் முடிவன்று. நம்பிக்கையூட்டும் முன்னுதாரணங்கள் உள்ளன. ஹரியாணாவின் சிர்சா மாவட்டத்தில் மணற்குன்றுகளால் பாழ்பட்ட உழவர் நிலங்களில் சுமார் 370 ஹெக்டேரில் மேற்கொள்ளப்பட்ட காடு வளர்ப்பு, 2009-இல் தூய்மை வளர்ச்சி முறையின்கீழ்ப் பதிவானது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் காபியுடன் பழமரங்களையும் நிழல் மரங்களையும் வளர்க்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டு நிதியம் ஒன்று முன்கூட்டியே முதலீடு செய்தது. அதற்கு ஈடாக இருபதாண்டு வரவுகளை எடுத்துக்கொள்கிறது. அங்கே உழவரின் முதன்மை வருமானம் காபியும் பழமும்தான். கரிமப் பணம், மரம் காய்க்கும் வரையிலான இடைக்காலச் செலவைத் தாங்கும் முதலீடாகவே பயன்பட்டது. கரிம வரவுக்கு உரிய இடம் இதுவே என்று கருதுகிறேன்.

கணக்கின் நேர்மையும் உழவருக்கே முக்கியம். நெல் வயல் மீத்தேனுக்கான பழைய கணக்கீட்டு முறையை 2023-இல் கைவிட்ட வெர்ரா என்ற பன்னாட்டுப் பதிவகம், 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. 2025-இல்தான் புதிய முறையை வெளியிட்டது. கணக்கு பொய்த்தால் வாங்குவோர் விலகுவர், விலை சரியும். அந்த இழப்பில் கடைசியாகச் சிக்குபவர், விதையும் உழைப்பும் ஏற்கெனவே செலவிட்டுவிட்ட உழவர்.

அரசு செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவதாக, தாய்மொழியில் மாதிரி ஒப்பந்தம் வேண்டும். உழவருக்குரிய பங்கு, நிகர வருவாயில் அன்றி விற்பனை விலையில் இத்தனை சதவீதம் என வரையறுக்கப்பட வேண்டும். தமிழகத்தின் 2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் விளைபொருளையும் கால்நடையையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. கரிம வரவு ஒப்பந்தங்களுக்கும் அதுபோன்ற பதிவும், மாவட்ட அளவில் தகராறு தீர்க்கும் ஏற்பாடும் தேவை. இரண்டாவதாக, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களே வரவுகளைத் திரட்டும் அமைப்புகளாக வளர வேண்டும். மூன்றாவதாக, மண்டலவாரியான அடிப்படை உமிழ்வு அளவுகளையும், மரங்களின் எடைக் கணக்கீடுகளையும் வேளாண் பல்கலைக்கழகங்கள் பொதுச் சொத்தாக வெளியிட்டால், ஒவ்வொரு திட்டத்தின் அளவீட்டுச் செலவும் பெரிதும் குறையும். நான்காவதாக, சாகுபடி செய்பவரை அடங்கலின் வழியே அடையாளம் கண்டு, குத்தகை உழவருக்கும் பங்கு தர வேண்டும்.

ஏற்கெனவே நல்லதைச் செய்துவரும் உழவருக்குச் சந்தையால் பரிசளிக்க இயலாது. அது அரசின் கடமை. கட்டணமில்லா மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரைப் பாதி நேரம் நிறுத்துபவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் ஏதுமில்லை. மிச்சமாகும் நிலத்தடி நீரும் மின்சாரமும் ஊருக்கும் அரசுக்குமே சேர்கின்றன. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஊக்கத்தொகையாக அவருக்குத் திருப்பித் தருவது, ஏக்கருக்கு 400 ரூபாய்க்காக வெளிநாட்டு ஆலையின் புகைக்கு ஈடு தேடுவதைவிட எளிதானதும் நேரானதும் ஆகும்.

அதுவரை உழவர்கள் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். எத்தனை ஆண்டு? யாருடைய செலவு? எந்த விலையில் பங்கு? இடையில் மரத்தை வெட்ட நேர்ந்தால் என்ன? இவற்றுக்கு எழுத்தில், தமிழில் விடை தரும் நிறுவனத்துடன் பேசலாம். விடை தராதவரிடம் அவசரப்பட வேண்டியதில்லை.